திரவ ஹீலியத்துக்குள் அமிழ்த்திய உணரி: ஆய்வகக் குறிப்புகள்

ஜனவரி 12
ஹீலியத்தில் கிளர்வுற்ற இரட்டை அணு மூலக்கூறு, அதாவது எக்சைமர், சிதையும்போது ஏறக்குறைய 80 நானோமீட்டர் ஒளி வருகிறது. குவார்ட்ஸ் சன்னல் அதை விடாது. எனவே அதைப் பிடிக்க, மீகடத்தி (கடுங்குளிரில் மின்தடை மறையும் பொருள்) உணரியைத் திரவத்துக்குள்ளேயே முக்கிவிடுகிறோம். ஹீலியம் இருக்கும் கலத்தை மூட, மென்மையான உலோகமான இண்டியத்தின் கம்பி. போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி, சில மணி நேரம் விட்டு மறுபடி இறுக்க வேண்டும். அழுத்தத்தில் இண்டியம் மெல்லப் பிதுங்கித் தளர்ந்துவிடும்.

ஜனவரி 16
கசிவுமானி சரி என்றாலும் நம்ப முடியாது. 2.17 கெல்வினுக்குக் கீழே, வாயு நுழையாத கீறலிலும் மீப்பாய்மம், அதாவது உராய்வின்றி ஓடும் திரவ ஹீலியம், நுழையும். வெற்றிட அறைக்கு அது வந்துவிட்டால் குளிரியின் கதை முடிந்தது.

ஜனவரி 20
நிரப்பல். 100 மி.லி. திரவத்துக்கு அறை வெப்பநிலையில் சுமார் 87 லிட்டர் வாயு வேண்டும். திரவ நைட்ரஜனில் வைத்த கரிப்பொறி (மாசு வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும் கரி) வழியே மெதுவாக விட்டால், கலத்துக்குப் போகும் நுண்குழாய் அடைக்காது. திரவப்படலம் குழாய்ச் சுவரில் ஊர்ந்து ஏறி, மேலே ஆவியாகி, கீழே மறுபடி குளிர்ந்து கலத்தைச் சூடாக்கும். நுண்குழாய் வேண்டுவதே இதற்காகத்தான்.

ஜனவரி 24
மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு, முதலில் வெற்றிடத்தில் எடுத்தது, இப்போது ஹீலியத்தில். உணரியின் தடை ஓம் அளவு என்றால் அதற்கு இணையாக இடும் பக்கத் தடை சில மில்லி ஓம். அப்போதுதான் மின்னழுத்தம் நிலைக்கும். உணரி சூடானால் தடை ஏறி, திறன் குறைந்து, தானே குளிரும். இரு வளைகோடுகளிலும் நிலைமாற்றப் பகுதியின் (உணரி மீகடத்து நிலைக்கும் சாதாரண நிலைக்கும் இடையே நிற்கும் பகுதி) திறன் வித்தியாசமே திரவத்துக்குப் போகும் வெப்பம். 100 மில்லிகெல்வினில் காபிட்சா தடை (திடப்பொருளிலிருந்து திரவத்துக்கு வெப்பம் கடக்க எல்லையில் உள்ள தடை) பெரிது, அதனால்தான் உணரி பிழைக்கிறது. வளைகோடு குதித்தால், உணரியில் காந்தப்பாயம் சிக்கியிருக்கலாம்: மீகடத்து வெப்பநிலையைத் தாண்டிச் சூடாக்கி, கவசத்துக்குள் மறுபடி குளிர்வியுங்கள்.

ஜனவரி 29
ஹீலியத்தில் எக்சைமர்களை உண்டாக்க, காமா கதிர் தரும் மூலப்பொருளை வைத்தாயிற்று. ஒற்றை நிலை (எலக்ட்ரான் தற்சுழற்சிகள் எதிரெதிர்) எக்சைமர் நானோநொடிகளில் ஒளியாகிறது: சுமார் 16 எலக்ட்ரான் வோல்ட், துடிப்பு உடனே. மும்மை நிலைக்கோ (தற்சுழற்சிகள் ஒரே திசை) ஆயுள் 13 நொடி; அது திரவத்தில் நகர்ந்து உணரியைத் தொட வேண்டும். நொடிக்கு 2 மீட்டர் வேகமென்றால் 1 செ.மீ. கடக்க 5 மில்லிநொடி. ஆகவே தாமதத்தைப் பார்த்தே பிரிக்கலாம். மும்மையின் ஆற்றல் முழுதும் உணரிக்கு வராது. உலோகத்திலிருந்து துள்ளும் எலக்ட்ரான் ஒரு பங்கைத் திரவத்துக்குக் கொண்டுபோகும். அதனால் ஆற்றல் வரைபடத்தில் மும்மையின் உச்சி அகன்று, குறைந்த ஆற்றலிலேயே நிற்கும். அதைப் பார்த்து உணரி கெட்டதென்று கழற்ற வேண்டாம்.

மும்மைத் துடிப்புகளின் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் ஆயுள் அல்ல, அவை மோதி அழியும் கலத்தின் சுவர். 13 நொடியில் 26 மீட்டர் போகக்கூடியது 5 செ.மீ. கலத்தில் எங்கே தப்பும்? மின்னணுவியலை நோண்டுவதை விட்டு, உணரியின் பரப்பைக் கூட்டி, மூலத்தைக் கிட்டே கொண்டுவருவதே மேல்.