பற்றுச்சீட்டில் ஒரு வரி

"தம்பி, இந்தப் பதினெட்டு வீதம் யாருக்குப் போகிறது?"

கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, பற்றுச்சீட்டைக் கண்ணருகே பிடித்தபடி கேட்டார்.

"அரசாங்கத்துக்குத்தான் அம்மா" என்றான் காசாளர் இளைஞன்.

பாதிதான் சரி. மறுபாதி நம் வெளிநாட்டுக் கடனின் கதை.

2022 ஏப்ரலில் இலங்கையர் நாம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தினோம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டது. அரச வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது.

கடன் வாங்க நாம் விற்ற டொலர் பிணைமுறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, ஆள்வதோ நியூயோர்க் சட்டம். 2022 ஜூனில் ஒரு வங்கி அந்தப் பணத்தைக் கேட்டு நம் நாட்டின் மீது வழக்குப் போட்டதும் அங்கேதான்.

இறைமை எங்கே போயிற்று என்று வெளியாரை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 2019 டிசம்பரில் அதே வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள்தான். அப்போது கைதட்டல் வேறு!