எனக்கே காது குத்துறியா?

முக்கொம்புப் பூங்காவில் ஊஞ்சலுக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் கிடந்த கேமராவை முதலில் பார்த்தது தான்தான் என்கிறாள் அத்தை. உண்மையில் முதலில் பார்த்தது ஒரு குரங்கு. வாரைப் பிடித்து இழுத்து, முகர்ந்து பார்த்து, தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் எங்கள் புளியோதரைப் பக்கம் திரும்பியது. அத்தை செருப்பைக் கழற்றிக் காட்டினாள். குரங்கு போய்விட்டது, கேமரா எங்கள் தலையில் விழுந்தது.

மாங்காய்ப் பத்தை விற்கிற அம்மாதான் துப்புக் கொடுத்தார். “ஒரு வேன் நெறைய ஆளுங்க. மொட்டை அடிச்ச புள்ள ஒண்ணு, ஒரே அழுகை. இப்பத்தானே கெளம்புனாங்க.”

“பேசாம இங்கயே வச்சுட்டுப் போயிடலாம்” என்றான் தம்பி. அம்மா பார்த்த பார்வையில் அவனே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினால் உயிரே இல்லை. பென்சில் பேட்டரி போடுகிற ரகம். டி.வி. ரிமோட்டில் இருந்ததைக் கழற்றிப் போட்டோம். லென்ஸ் வெளியே வந்து, மாடிப்படி ஏறிய அத்தை மாதிரி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. ரிமோட் பேட்டரிக்கெல்லாம் கேமரா அசையாது, ஆல்கலைன்தான் வேண்டும் என்று தம்பி பாடம் எடுக்க, சீரியல் நேரத்தில் ரிமோட்டைப் பிரித்ததற்கு அம்மா தனியாகப் பாடம் எடுத்தாள். ஆல்கலைன் நான் போய் வாங்கி வந்தேன். காசு யாரும் தரவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வந்தது. எல்லாப் படத்தின் மூலையிலும் ஆரஞ்சு எழுத்தில் 01.01.2010. வாங்கின நாளிலிருந்து யாரும் தேதியைத் தொடவே இல்லை போலிருக்கிறது. அப்பா விடுவாரா? கண்ணாடியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“பின்னாடி தெரியுது பாரு. 1830-கள்ல காட்டன் துரை கட்டுன மேலணை. 2018 ஆகஸ்ட்ல கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகு வெள்ளத்துல போச்சுல்ல? அதுக்கப்புறம் கட்டுன புதுக் கதவணை படத்துல இருக்கு. அப்படின்னா இது 2018-க்கு அப்புறம் எடுத்தது.”

“இன்னிக்கு மத்தியானம் எடுத்ததுப்பா.”

“ஆதாரம் வேணும்ல?”

அத்தை அதற்குள் உறவுமுறையில் இறங்கியிருந்தாள். “இவ புள்ளையோட அம்மா. இந்தப் பச்சைப் புடவை நாத்தனா. ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. பாரு, எல்லாப் படத்துலயும் நடுவுல ஒரு ஆளு நிக்குது.”

அம்மா மட்டும் ஒரே படத்தில் நின்றுவிட்டாள். தாய்மாமன் மடியில் பெண் குழந்தை, மொட்டையில் பூசின சந்தனம் நெற்றி வரை வழிந்திருக்கிறது. ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார், அது சிவந்து கிடக்கிறது. இன்னொரு காதைக் குழந்தை கையால் இறுகப் பொத்தியிருக்கிறது. வாயில் திணித்த வாழைப்பழம் பாதி வெளியே. தாய்மாமன் கண்ணிலும் தண்ணீர். “அய்யோ, இன்னொண்ணு பாக்கி இருக்குன்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சே” என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது மண்டப வாசல் பிளெக்ஸ். குழந்தைக்குக் கிரீடம், பக்கத்தில் சிங்கம், தாய்மாமன்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸ். பெயரெல்லாம் வெயிலில் வெளுத்துப்போய்ப் படமாகியிருந்தது. தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கீழே பொடி எழுத்தில், பிளெக்ஸ் அடித்த குளித்தலைக் கடையின் செல் நம்பர். அதிலும் கடைசி எண்ணை வாழைமரம் மறைத்துவிட்டது.

பூஜ்ஜியத்திலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்ப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று, என் போனில். இரண்டைப் போட்டால், “யாரு, சின்னவனா?” என்று ஒரு வயசான குரல். இல்லைங்க என்று சொல்ல வாய் திறப்பதற்குள் முட்டிவலி, ரேஷன் கடை, மருமகள் என்று மூன்று அத்தியாயம் முடிந்துவிட்டது. ஆறில்தான் கடைக்காரர் அகப்பட்டார்.

“அந்தப் பார்ட்டியா? சார், குடுத்துடாதீங்க! பிளெக்ஸ் காசு பாதி நிக்குது. கேமராவ நான் வந்து வாங்கிக்கிறேன்.”

அப்பா போனை வாங்கி, பஞ்சாயத்துப் பேசி, வசூலுக்குத் தானே பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துத் தாய்மாமன் நம்பரைக் கறந்தார்.

தாய்மாமன் அதற்கும் மேல். “உங்க கேமரா எங்ககிட்ட இருக்குங்க” என்று ஆரம்பித்தேன்.

“சரி, அடுத்து ஓ.டி.பி. கேப்ப. யாருகிட்ட? எனக்கே காது குத்துறியா? 1930-க்குப் போன் போடவா?”

சைபர் கிரைம் நம்பர் அவருக்கு மனப்பாடம். நல்ல குடிமகன், என்ன செய்வது. குழந்தை, மொட்டை, சிங்கம் என்று எதைச் சொன்னாலும், “எல்லாத்தையும் ஹேக் பண்ணி வச்சிருக்க” என்றார். அத்தை பொறுக்க மாட்டாமல் போனைப் பிடுங்கினாள்.

“ஏம்ப்பா, உங்கக்காவுக்கும் அந்தப் பச்சைப் புடவை நாத்தனாருக்கும் அப்படி என்ன தகராறு?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் குரல் இறங்கி வந்தது. “அம்மா, நீங்க நம்ம சொந்தமா?”

மறுநாள் காலையில் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். நேரில் பார்த்தால் சாது. கேமராவைத் திறந்து படமெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அப்பா பிளெக்ஸ் பாக்கியை நினைவுபடுத்தியபோது தார் வாங்கின விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கிளம்பும்போது அம்மா வாசல் வரை போனாள்.

“புள்ளைக்குக் காது வலி எப்படி இருக்கு? ராத்திரி எந்தப் பக்கம் படுத்துச்சு?”

“எந்தப் பக்கமும் படுக்கலம்மா. என் நெஞ்சு மேலயே மல்லாக்கக் கெடந்துச்சு. நான் அசையவே இல்ல.”

அதற்கப்புறம் அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கிடைத்தது.

ஆல்கலைன் ரெண்டும் கேமராவோடு குளித்தலை போய்விட்டது. முட்டிவலி அம்மா தினமும் சாயங்காலம் என் நம்பருக்குத்தான் போன் போடுகிறார். “சின்னவன் இருக்கானா?” என்கிறார். நேற்று எங்கம்மா வாங்கி அரை மணி நேரம் பேசினாள். அந்த மருமகள் மேல் தப்பே இல்லையாம்.