இடமரை

இன்று காலை தெப்பக்குளம் திருப்பத்தில் ஒரு தம்பி வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்தினான். வண்டி நிற்கவில்லை. பெடல் மட்டும் பின்னால் சுழன்றது.

பழைய கறுப்பு சைக்கிள். மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பிரீவீலைக் கழற்றிவிட்டு, சக்கர நடுவிலுள்ள அதே ஹப்பில், சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும் பிக்ஸட் பல்சக்கரத்தை முறுக்கியிருக்கிறார்கள்.

முன்னால் மிதித்தால் பல்சக்கரம் இறுகும். பின்னால் அழுத்தினால் அதே மரையில் கழலும். அதனால்தான் பிக்ஸட் வண்டிக்கென்றே செய்த டிராக் ஹப்பில் வெளிப்பக்கம் இன்னொரு சின்ன மரை உண்டு, அது இடமரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது. பல்சக்கரம் கழலப் பார்த்தால், அதில் பூட்டிய லாக் ரிங் இன்னும் இறுகும். சாதா ஹப்பில் வலமரை ரிங்கைப் போட்டு இறுக்கினால் இரண்டும் சேர்ந்தே கழன்று வரும். பசை போட்டாலும் நம்பாதீர்கள். டிராக் ஹப் வாங்குங்கள், வேறு வழியில்லை.

பழைய பிரேம் நல்லதுதான். ஆக்சில் உட்காரும் வாய் பின்பக்கம் திறந்திருப்பதால் சக்கரத்தை இழுத்துச் செயினை இறுக்கலாம். கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். செயின் எங்கே அதிகம் விறைக்கிறதோ, அங்கே நடுவில் அரை அங்குலம் ஆடணும்.

பல் கணக்கு: முன்னால் 48 பல், பின்னால் 16 பல் போட்டு, பெடலைச் சுழலவிடாமல் பிடித்துப் பின்சக்கரத்தைச் சறுக்கி நிறுத்தினால் டயர் ஒரே இடத்தில் தேயும். 46-க்கு 17 போட்டால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும்.

முன் பிரேக்கை மட்டும் கழற்றிவிடாதீர்கள், தம்பிகளா. காலையில் அவன் நின்றது அதைப் பிடித்துத்தான்.