ஏரி நனைந்திருக்கிறது

13 அக்டோபர் 2024, ஞாயிறு

ஆயுத பூஜைக்கு வந்த அப்பா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. தீபாவளிக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் ஏரிக்கு நடக்கக் கூட்டிப்போனேன்.

பெங்களூரின் தென்கிழக்கில், எங்கள் லேஅவுட்டுக்கு மேலே இருக்கிறது இந்த ஏரி. 'மேலே' என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. மூன்றாவது கிராஸ் தெருவில் நின்றால் கரை முதல் மாடி உயரத்துக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். எட்டு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

எங்களுக்கு வந்தவாசிப் பக்கம். தாத்தா ஊர் ஏரிக்குக் கம்புகட்டி. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. அப்பா மின்சார வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனாலும் ஏரிக்கரையில் கால் வைத்ததும் அவர் மேல் தாத்தா வந்து இறங்கிவிடுவார். இன்டர்லாக் கல் பாதை, பெஞ்சு, கைப்பிடிக் கம்பி எதையும் அவர் மெச்சவில்லை.

"கரை மேல கல்லு பாவிட்டா வெடிப்பு விட்டா எப்படித் தெரியும்? கொன்றையும் குல்மொஹரும் எதுக்கு? பனை வெக்கணும்."

பனை வேர் கொத்தாக நின்றுவிடும், பருக்காது. மற்ற மரம் பட்டுப்போய் வேர் மக்கினால், வேர் போன வழி அப்படியே தண்ணீருக்குக் குழாய் ஆகிவிடும். இதைச் சொல்லிவிட்டு, கரையின் வெளிப்பக்கம் இறங்கி அடிவாரத்தோடு நடந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலில். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

16 அக்டோபர், புதன்

நேற்று விடிய விடிய மழை. இன்று பள்ளிகளுக்கு விடுமுறை, எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் மழை விட்டதும் அப்பா குடையோடு கிளம்ப, நானும் போனேன்.

கரை அடியில் மாடு மேய்க்கிற ஒரு அஜ்ஜா, கன்னடத் தாத்தா, நின்றிருந்தார். அப்பாவைப் பார்த்ததும், "ஏரி நெனெதிதெ, நோடி" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "ஏரின்னா நனையாம என்ன செய்யும்?"

கன்னடத்தில் ஏரி என்றால் கரை. நம் ஏரிக்கு அவர்கள் சொல்வது கெரெ. கரை நனைந்திருக்கிறது என்றுதான் அஜ்ஜா சொன்னார். அப்பாவுக்கு விளக்கியதும் முகம் மாறிவிட்டது. அப்புறம் இருவரும் மொழி இல்லாமலே பேசிக்கொண்டார்கள். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகை இவர் தூம்பு என்றால் அவர் தூபு என்றார். உபரி நீர் வழியும் இடத்துக்கு இருவருமே கோடி என்றார்கள்.

பழைய தூம்பின் வாய் கரைக்கு வெளியே ஒரு கல் தொட்டியாக நிற்கிறது. முன்பு அதன் வழியாகத்தான் ராகிக்கும் நெல்லுக்கும் தண்ணீர் போயிருக்கிறது. வயல்கள் மனைகளானதும், ஏரியைப் புதுப்பித்தவர்கள் அதற்கு கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தொட்டியின் இடப்பக்கம் ஒரு பாய் அகலத்துக்குப் புல் மட்டும் கரும்பச்சை. நடுவில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது.

பெங்களூர் மடிவாளாவின் சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. வெங்கலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அன்று ஏரிக்குக் கீழே இருந்தது நிலம். இன்று ஏரிக்குக் கீழே நாங்கள்.

17 அக்டோபர், வியாழன்

காலை ஏழு மணிக்கு அப்பா ஒரு லிட்டர் பாட்டிலைக் கசிவில் பிடித்தார். நிரம்ப, என் போனில் 52 நொடி. பாட்டிலைச் சமையலறை ஜன்னலில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்றார். சாயங்காலம் வரைக்கும் அடியில் ஒன்றும் படியவில்லை.

"மண்ணுக் கரைன்னா கசியத்தான் செய்யும். கசியுதேன்னு பயப்படாத. நிறத்தைப் பாரு."

தெளிந்த தண்ணீர் என்றால் கரை வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கி வந்தால் கரையின் மண் கூடவே வெளியேறுகிறது என்று அர்த்தம். அரிப்பு வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து உள்நோக்கிப் போகும். மணல் மணலாகத் தின்றுகொண்டே போய் ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு நேரம் கிடையாது. தூம்பு ஓரத்தில் இது அதிகம். கல் கட்டடமும் மண்ணும் சேருமிடத்தில் மண் எப்போதுமே சரியாக இறுகாது.

19 அக்டோபர், சனி

2019 நவம்பர் 24. இதே பெங்களூரில் ஹுளிமாவு ஏரிக் கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கரையைத் தோண்டப்போய் வந்த வினை. அப்போது அங்கே இருந்த தோழி ஒருத்தி, சோபாவை வெயிலில் காயவைத்த படத்தை அனுப்பியிருந்தாள். நான் அழுமூஞ்சி பொம்மை ஒன்றை பதிலாக அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

இன்று மூன்று அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் முதலாமவரையே. மூன்றாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, எழுதிக்கொண்டு, திங்களன்று ஆள் வரும் என்றார்.

2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆவலோடு படித்தேன். 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு அது பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு என்று சில நிபந்தனைகள். எங்கள் கரை 6 மீட்டர்கூட இருக்காது. சட்டத்தின் கண்ணில் இது அணையே இல்லை.

2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்தது. அதுவும் சின்னப் பாசன அணைதான். இருபதுக்கு மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போனது. நண்டுகள் துளைத்ததால் கசிந்தது என்று அன்றைய அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடே கேலி செய்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நண்டு வளை போடும்தான். எலியும் போடும். அதைப் பாத்து அடைக்கத்தானே ஆளு வெக்கிறது?"

20 அக்டோபர், ஞாயிறு

கோடியைப் பார்க்கப் போனோம். கரையின் வடக்குக் கடைசியில் இருக்கிறது. உபரி நீர் தானாக வழிய வேண்டிய இடத்தில் மீன் தப்பாமலிருக்க வலை. வலையில் தெர்மாகோல், பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை. வலைக்குக் கீழே இரண்டு வரிசை மணல் மூட்டை. மீன் குத்தகைக்காரர் வேலை என்றார் அஜ்ஜா.

எங்கள் ஊர்க் கோடியிலும் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு, அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்குவார்கள். மழைக்காலத்தில் அதில் கை வைக்க மாட்டார்கள். இங்கே அடைமழையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே அப்பாவின் குடை நிற்கவில்லை. மண் கரை எதையும் தாங்கும், தலைக்கு மேல் தண்ணீர் வழிவதை மட்டும் தாங்காது.

22 அக்டோபர், செவ்வாய்

நேற்று ஆள் வரவில்லை. இரவு முழுக்க மழை. டிவியில் எலஹங்காவில் ஆளைப் படகில் ஏற்றுகிறார்கள்.

காலை ஆறரை. 31 நொடி. பாட்டிலில் வடிகட்டாத டீ.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் அதற்குள் கொத்தனாரையும் நாலு மூட்டை சிமென்ட்டையும் கொண்டுவந்துவிட்டார், ஓட்டையை அடைக்க. அப்பா குறுக்கே நின்றார். "அடைச்சா வேற எடத்துல பீறிக்கும் சார். தண்ணி வரட்டும். மண்ணு வராம பாக்கணும்." நான் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கத்தினேன்.

இரண்டாவது கிராஸில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் எடுத்தோம். கேட்டுவிட்டுத்தான். கசிவின் மேல் முதலில் ஒரு முழம் மணல். அதன் மேல் பொடி ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி. சுற்றி அரைவட்டமாக மணல் மூட்டை. அதற்குள் தண்ணீர் முழங்கால் வரை நின்று வழியட்டும் என்று விட்டோம். நிற்கிற தண்ணீரின் கனம் கசிவை எதிர்த்துத் தள்ளும், மணல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். டீ வடிகட்டிதான். பதினோரு பேர், இரண்டு மணி நேரம். செயலாளரும் மூட்டை தூக்கினார், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம் அஜ்ஜா கோடி மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். குத்தகைக்காரரின் ஆள் பைக்கில் வந்து சண்டை போட்டான். மீன் போய்விடுமாம். அஜ்ஜா பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது. மாலைக்குள் தண்ணீர் நாலு விரல் இறங்கியது.

மூன்று மணிக்கு இன்ஜினியர் வந்தார். சின்னப் பையன். ஜல்லிக் குவியலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். நாங்களும் இதைத்தான் செய்திருப்போம் என்றார். அப்பாவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

இரவு பாட்டிலின் அடியில் நகக்கனம் மண்.

23 அக்டோபர், புதன்

46 நொடி. லேசான கலங்கல். தூங்க வேண்டும்.

28 அக்டோபர், திங்கள்

அப்பாவை சாந்திநகரில் பஸ் ஏற்றிவிட்டேன். மழைக்காலம் முடிந்ததும் தூம்பு ஓரத்தைத் தோண்டி, களிமண் வைத்து இறுக்கித் தருவதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறார். எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. கோடியில் வலை திரும்பவும் கட்டியாகிவிட்டது. மூட்டை மட்டும் இல்லை.

ஜன்னலில் ஒன்பது பாட்டில்கள் தேதியோடு நிற்கின்றன. வேலைக்கு வரும் அக்கா, தூக்கிப் போடட்டுமா என்று தினமும் கேட்கிறார்.

30 அக்டோபர், புதன்

அப்பா போன் செய்தார். பேத்தியைக் கூடக் கேட்கவில்லை.

"எத்தனை?"

"அம்பத்தி நாலு."

"நிறம்?"

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பாட்டிலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு கேட் நம்பர் தெரிந்தது. படித்துச் சொன்னேன்.