ஜிம்மிக்கு ஒத்துக்கொள்ளும் ட்ரை ஃபுட்டைத் தேடி

எங்கள் ஜிம்மிக்கு 11 வயது. லாப்ரடார். போன வருடம் திடீரென்று முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்க ஆரம்பித்தான். விரல்களுக்கு நடுவே இருந்த முடி எச்சில் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகிவிட்டது. காதில் பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. சொட்டு மருந்து விட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். மலமும் இளக்கமாகி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியே கூட்டிப்போக வேண்டியிருந்தது. வேளச்சேரியில் எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "சாப்பாட்டை மாத்திப் பாருங்க." எதற்கு மாற்றுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பிராண்ட் பெயர் வந்தது. வயதான நாய், அதுவும் அலர்ஜி உள்ள நாய் என்றால் தேடல் இரண்டு மடங்கு கடினம். அதனால்தான் நாங்கள் போன வழியை விரிவாக எழுதுகிறேன்.

டாக்டர் முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தோலைச் சுரண்டி எடுத்துச் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காது அழுக்கில் ஈஸ்ட் இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட்டுக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை. தூசி, மகரந்தத்தால் வரும் தோல் அலர்ஜி பெரும்பாலும் சின்ன வயதிலேயே தலைகாட்டிவிடும், இந்த வயதில் புதிதாகத் தொடங்கி, பருவம் பார்க்காமல் தொடர்ந்து, கூடவே வயிறும் கெடுகிறது என்றால் உணவைச் சந்தேகிக்க வேண்டும் என்றார்.

"பத்து வருஷமா சிக்கன்தானே சாப்பிடறான் டாக்டர், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்டேன். அலர்ஜி பெரும்பாலும் அப்படித்தான் வருமாம். பழக்கமான புரதத்தைத்தான் உடல் ஒரு கட்டத்தில் எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. சாப்பிட்டே இராத பொருளுக்கு அலர்ஜி வருவது அபூர்வம். நாய்களின் உணவு அலர்ஜி பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் 297 நாய்களின் விவரம் இருக்கிறது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, சிக்கன் 15, கோதுமை 13 என்று பட்டியல் போகிறது. பைகளில் பெரிதாக "தானியம் இல்லாதது" என்று அச்சடித்து விற்கிறார்களே, அந்தத் தானியங்களை விட இறைச்சியும் பாலும்தான் அதிக நாய்களுக்குத் தொந்தரவு.

ரத்தம் எடுத்து அனுப்பினால் எந்தெந்த உணவுக்கு அலர்ஜி என்று பட்டியலே தரும் பரிசோதனை இருக்கிறது. நான் அதற்குத் தயாராக இருந்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். உணவு அலர்ஜியைப் பொறுத்தவரை ரத்தம், எச்சில், முடி, எதை வைத்துச் செய்யும் பரிசோதனையும் நம்பகமானதல்ல. ஆரோக்கியமான நாய்க்குக் கூட "பாசிட்டிவ்" என்று வரும். அந்தக் காசுக்கு இவனுடைய கிட்னியைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரண்டு ரத்த அளவுகளில் கிரியாட்டினின் சரியான அளவின் மேல் விளிம்பில் இருந்தது, எஸ்.டி.எம்.ஏ. கொஞ்சம் கூடுதல், சிறுநீர் எதிர்பார்த்ததை விட நீர்த்திருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் தளர்ந்த கிட்னிக்கு அதிக பாஸ்பரஸ் சுமை என்பதால், இனி வாங்கும் எந்த உணவிலும் அது எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எனவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். எது ஆகாது என்று முதலில் கண்டுபிடிப்பது. அதைத் தவிர்த்து, இந்த வயதுக்கும் கிட்னிக்கும் பொருந்துவதைப் பிறகு தேடுவது. இந்த வரிசையை மாற்றினால் பை பையாக வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எது ஆகாது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குறைந்தது எட்டு வாரம் ஒரே உணவு கொடுப்பது. வயிறு சில வாரங்களிலேயே சரியாகிவிடும், தோல் அப்படியல்ல. அலர்ஜி உள்ள நாய்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் முன்னேற்றம் தெரிய எட்டு வாரம் ஆகிறது. பாதியில் விட்டால் மொத்தமும் வீண்.

அந்த எட்டு வாரத்துக்கு என்ன கொடுப்பது? அவன் இதுவரை தொட்டிராத இறைச்சியைச் சமைத்துப் போடலாம். வாத்து, காடை என்று யோசித்தேன். கோழி ஆகாத நாய்க்கு மற்றப் பறவைகளும் ஆகாமல் போகலாம் என்று டாக்டர் தடுத்தார். மட்டனும் மீனும் அவன் அவ்வப்போது ருசித்தவை. பன்றி இறைச்சி மட்டும்தான் மிச்சம், அதைத் தினமும் வாங்கி எங்கள் வீட்டில் சமைப்பது நடக்காது. அதனால் ஹைட்ரோலைஸ்டு உணவுக்குப் போனோம். புரதத்தை நொதிகளால் மிகச் சிறு துண்டுகளாக உடைத்துவிடுவார்கள், உடலின் எதிர்ப்புச் சக்தியால் பெரும்பாலும் அதை அடையாளம் காண முடியாது. ஹில்ஸ் இசட்/டி, ராயல் கானின் ஹைப்போஅலர்ஜெனிக், ஃபார்மினா வெட் லைஃப் அல்ட்ராஹைப்போ ஆகியவை இந்த வகை. எந்தப் புரதத்தை உடைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இசட்/டியில் கோழி ஈரல், ராயல் கானினில் முக்கியமாக சோயா, அல்ட்ராஹைப்போவில் மீன். எவ்வளவு உடைத்தாலும் சில நாய்கள் மூலப் பொருளைக் கண்டுகொள்ளும். ஜிம்மிக்குக் கோழி மேல்தான் பெரிய சந்தேகம் என்பதால் டாக்டர் மீனைத் தேர்ந்தெடுத்தார். விலை சாதாரண ட்ரை ஃபுட்டைப் போல சில மடங்கு. பரிசோதனைக் காலத்துக்கு அந்தச் செலவு தகும் என்பது என் உறுதியான கருத்து. கடையில் கிடைக்கும் சாதாரண "மீன்" வகைகளில் பட்டியலில் இல்லாத இறைச்சியும் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை வைத்துப் பரிசோதித்தால் வரும் முடிவை நம்ப முடியாது.

உணவை வாங்குவது சுலபம். வேறு எதுவும் அவன் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அம்மா பத்து வருடமாக மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பிடி தயிர் சாதம் வைப்பது வழக்கம். அவன் அதற்காகவே சாப்பாட்டு மேஜைக்குக் கீழே படுத்திருப்பான். "ஒரு வாய் தயிர் சாதத்துல என்னடா ஆகிடப் போகுது, வயசான புள்ள பாவம்டா" என்றார். அம்மாவிடம் விளக்கம் சொல்லி ஜெயிக்க முடியாது. ஜிம்மியின் அன்றைய அளவிலிருந்து ஒரு கைப்பிடி உருண்டையைத் தனி டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். சாப்பாடு முடிந்ததும் அதைக் கையில் வைத்து ஊட்டினார். அவனுக்கு வேண்டியது அம்மாவின் கை, அதில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவதுதான். வாட்ச்மேன் அண்ணன் காலையில் டீயோடு அவனுக்கும் ஒரு பொறை வாங்கிப் போடுவார். அவரிடம் நேரில் போய், பாதப் புண்ணைக் காட்டிச் சொன்னதும் புரிந்துகொண்டார். அடுத்த நாளிலிருந்து அவரிடமும் ஒரு டப்பா.

யாரும் யோசிக்காத இடங்களில் புரதம் ஒளிந்திருக்கிறது. நாய்கள் விரும்பித் தின்னும் உண்ணி மாத்திரைகளில் மாட்டிறைச்சி, பன்றி ஈரல் சுவை சேர்ப்பதுண்டு. அதற்குப் பதில் முதுகில் விடும் சொட்டு மருந்துக்கு மாறினோம். பூச்சி மாத்திரையைச் சுவை சேர்க்காததாகக் கேட்டு வாங்கினோம். நாய்ப் பற்பசையில் கோழி வாசனை இருக்கும். பெட் ஷாப்பில் முடிச்சுப் போட்டு விற்கும் கடிக்கும் "எலும்பு" மாட்டுத் தோல். கேப்சூல் ஓடு ஜெலட்டின், அதுவும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தோம்.

முதலில் மலம் இறுகியது. பாதம் நக்குவது குறைய நாளானது. ஆறாவது வாரம் வாக்கில் விரல் நடுவே புது முடி வெளிர் மஞ்சளாக முளைப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி முழுக்க நக்கும் சத்தம் கேட்டுக் கேட்டுத் தூக்கம் போயிருந்த வீடு இது.

இங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் எது காரணம் என்று தெரியும், இல்லையென்றால் ஆயுசுக்கும் அந்த விலையுயர்ந்த பைதான். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி கொஞ்சம் கொடுத்தோம். சில நாளிலேயே நக்க ஆரம்பித்தான், காதும் சிவந்தது. நிறுத்தி, அடங்கும் வரை காத்திருந்து, அடுத்து தயிர். மறுபடி மலம் இளகியது, பாதமும் அரித்தது. ஒரு பொருளுக்கு இரண்டு வாரம் வரை கவனிக்க வேண்டும். மீன், முட்டை, கோதுமை, அரிசி எல்லாம் பிரச்சினையில்லை. ஆக, கோழியும் பாலும்தான் ஆகாது.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போய்ப் பைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். முன்பக்கம் மீன் படம் போட்ட பல பைகளின் பின்பக்கத்தில் "சிக்கன் மீல்" (கோழித் தூள்) இரண்டாவதோ மூன்றாவதோ இருந்தது. "லாம்ப் அண்ட் ரைஸ்" என்பதிலும் அதே கதை. சில பைகளில் இறைச்சி மீனாக இருந்தாலும் கொழுப்பு கோழிக் கொழுப்பு, அல்லது மேலே தெளிக்கும் சுவையூட்டி கோழி ஈரல். "போல்ட்ரி", "அனிமல் டைஜெஸ்ட்" என்று பொதுவாகப் போட்டிருந்தால் எந்தப் பிராணி என்று தெரியாது. அப்படிப்பட்டதை நான் வாங்குவதில்லை. பொருட்கள் எடை வரிசையில் இருக்கும். பச்சை மீனில் முக்கால் பங்குக்கு அருகில் தண்ணீர்தான், அதனால் அது முதலிடத்தில் இருந்தாலும் காய்ந்த பிறகு அதன் பங்கு பின்னால் வரும் மீன் தூளை விடக் குறைவாக இருக்கலாம். பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம் என்று ஒரே பொருளை மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும்.

தானியம் இல்லாத வகைகளை நாங்கள் ஒதுக்கிவிட்டோம். இவனுக்கு அரிசி ஒத்துக்கொள்கிறது. பட்டாணி, பருப்பு அதிகம் சேர்ந்த உணவுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் விசாரணை தொடங்கியது. அதில் முடிவான பதில் இன்னும் இல்லை. தேவையே இல்லாதபோது ஒரு வயதான நாயை அந்தச் சந்தேகத்துக்குள் ஏன் விட வேண்டும்?

பையில் "சீனியர்" என்று போட்டிருப்பதற்கும் நான் பெரிய மதிப்புத் தரவில்லை. செல்லப் பிராணி உணவில் என்னென்ன சத்து எவ்வளவு வேண்டும் என்று அளவுகோல் வெளியிடும் அமைப்புகளில், வயதான நாய்களுக்கென்று தனி அளவுகோல் அமெரிக்காவின் ஆஃப்கோவிலும் கிடையாது, ஐரோப்பாவின் ஃபெடியாஃபிலும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி செய்கிறது. வயதாகிவிட்டது என்பதற்காகப் புரதத்தைக் குறைக்கவும் கூடாது, தசை கரைந்துவிடும். இவன் விஷயத்தில் பார்க்க வேண்டியது பாஸ்பரஸ். மீன் தூளில் முள்ளும் எலும்பும் சேர்ந்து அரைபடுவதால் மீன் உணவுகளில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. பல பைகளில் பாஸ்பரஸ் அளவே இல்லை. கம்பெனிகளுக்கு மெயில் போட்டேன். பதில் தராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வந்த பதில்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு சின்னக் கணக்கு: பாஸ்பரஸ் 1 சதவீதம் என்றால் ஒரு கிலோவில் 10 கிராம். அந்த ஒரு கிலோவில் 3,700 கிலோ கலோரி இருந்தால், 1,000 கிலோ கலோரிக்கு 2.7 கிராம். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ சொல்லும் குறைந்தபட்சம் 1 கிராம். ஜிம்மிக்கு 2 கிராமுக்குள் இருக்கட்டும் என்றார் டாக்டர். அந்த வரம்புக்குள், கோழியும் பாலும் எந்த உருவத்திலும் இல்லாமல், அரிசியோடு கிடைத்தது ஒரே ஒரு மீன் உணவுதான். அதையே எடுத்தோம்.

பழையதோடு கலந்து பத்து நாளில் மெதுவாக மாற்றினோம். அளவைக் கப்பில் எடுக்காமல் சமையலறைத் தராசில் நிறுக்கிறோம். அவன் எடை 30 கிலோவில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,100 கிலோ கலோரி, அதாவது 300 கிராம். எடை கூடினால் இடுப்பு மூட்டுதான் முதலில் அடி வாங்கும். கடைவாய்ப் பற்கள் இரண்டு போய்விட்டதால் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்துத் தருகிறோம். ஊறவைத்ததைச் சென்னை வெயிலில் விட்டுவைக்கக் கூடாது, மிச்சமானால் கொட்டிவிட வேண்டும்.

பெரிய பை கிலோவுக்கு மலிவுதான், ஆனாலும் ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குகிறோம். ஈரக் காற்றில் திறந்துவைத்த ட்ரை ஃபுட்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் பெருகும், அலர்ஜி உள்ள நாய்க்கு அவையே அரிப்பைக் கிளப்பலாம். உணவைப் பையோடு அப்படியே இறுக மூடும் டப்பாவுக்குள் வைக்கிறோம். பை கூடவே இருந்தால் பேட்ச் எண்ணும் தேதியும் கையில் இருக்கும்.

அந்தப் பையின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் முழுசாகப் படிக்கிறேன். வேறொரு உணவில், பெயரும் படமும் மாறாமல், "புதிய ஃபார்முலா" என்ற சின்ன எழுத்தோடு பொருட்பட்டியலில் கோழிக் கொழுப்பு புதிதாக வந்திருந்ததைக் கடையில் பார்த்தேன். ஆன்லைனில் வாங்குபவர்கள் கடைப் பக்கத்தில் இருக்கும் பழைய படத்தை நம்ப வேண்டாம். பை வீட்டுக்கு வந்ததும், பிரிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள். பிரிக்காத பையைத்தான் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.