பி.ஓ.பி. என்றால் உங்களுக்கு எது?

இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கம் யாரைக் கேட்டாலும் பி.ஓ.பி. என்றால் தேயிலைத் தூள்தான், புரோக்கன் ஓரஞ்ச் பெக்கோ. அரைத்துக் காய்ந்த இலையைச் சலிக்கும்போது பிரிகிற, சுருண்ட கறுப்புத் துணுக்கு அது. பி.ஓ.பி.எப். (கடைசி எழுத்து ஃபானிங்ஸ்) அதைவிடப் பொடி, சாயம் சீக்கிரம் இறங்கும், பால் தேத்தண்ணிக்கு என் ஓட்டு அதற்குத்தான். (ஓரஞ்ச் பழத்தைத் தேடாதீர்கள், இல்லை.) ஏ.எல். (உயர்தரம்) பொருளியல் படிக்கிற தம்பிக்கோ அது பலன்ஸ் ஒஃப் பேமன்ட்ஸ், தமிழில் சென்மதி நிலுவை, அதாவது நாட்டுக்குள் வந்த காசுக்கும் வெளியே போன காசுக்குமான கணக்கு, அதில் நம்ம தேயிலை ஏற்றுமதி வரவுப் பக்கத்தில் ஏறுவதால் இரண்டும் தூரத்துச் சொந்தம்தான். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு அது புளோஅவுட் பிரிவென்டர், கிணற்று வாயில் பொருத்தும் ராட்சத வால்வுத் தொகுதி. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, கிணற்றை அடைத்திருக்க வேண்டிய அது அடைக்கவில்லை. தமிழில் எழுதினால் P-யும் B-யும் ஒன்றாகிவிடுவதால், கை முறிந்தவருக்குப் போடும் பிளாஸ்டர் ஒஃப் பரிஸும் பி.ஓ.பி.தான், சரி, அந்தக் குழப்பத்துக்குள் நான் வரவில்லை.