சாரையின் உதடு

பக்கத்து மனையில் காலையிலேயே கூட்டம். செங்கல் அடுக்குக்குள் ஒரு சாரை.

"இது ஆணுங்க. பொட்டை நல்ல பாம்பு இங்கதான் எங்கயாவது இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

சாரை வேறு இனம், நல்ல பாம்பு வேறு இனம். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாரைக்கு விஷம் கிடையாது.

தள்ளி நின்று முகத்தைப் பாருங்கள். பெரிய உருண்டைக் கண். உதட்டோரம் மை தீட்டியதுபோல வரிசையாகக் கறுப்புக் கோடுகள். சீண்டினால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும். அதைப் படம் என்று நினைத்தே பாதிச் சாரைகள் அடிபட்டுச் சாகின்றன என்பது என் சந்தேகம்.

அப்புறம் அந்தப் பிணையல் சமாச்சாரம். சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொண்டு கூடுகின்றன, அப்போது வேட்டியை விரித்துப் போட்டால் அதிர்ஷ்டம் என்பார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. ஒன்றின் தலையை மற்றது தரையோடு அழுத்தப் பார்க்கும். தோற்றது இடத்தைக் காலி செய்துவிடும். இதில் காதலும் இல்லை, நல்ல பாம்பும் இல்லை.

சாரையைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் கிட்டே போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.